வகுபடாத எண்

கணக்குப் பேராசிரியர் போய்ச் சேர்ந்த மறுவாரம், அவருடைய கம்ப்யூட்டரை எடுத்துப்போக உடன் வேலை பார்த்தவர் வந்தார். கதவைத் திறந்த மனைவி, வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. வந்தவர் பேராசிரியரின் அறைக்குப் போய்க் கம்ப்யூட்டரைப் போட்டார். திரை முழுக்க அடைந்து கிடந்த பத்தாயிரம் இலக்க எண்ணைப் பார்த்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருபது வருடம் அவரை இந்த அறையிலேயே முடக்கிப்போட்ட சக்களத்தி இதுதான்.

“பகா எண், அண்ணி. ஒண்ணாலயும் தன்னாலயும் மட்டும்தான் மீதியில்லாம வகுபடும். மூணு மெஷின்ல சரிபார்த்தாச்சு.”

“அவரு மாதிரியே, யாரையும் உள்ள விடாது. எங்க, என் போன் நம்பரால வகுங்க பார்ப்போம்.”

“வகுபடாது அண்ணி.”

“வகுங்கன்னா!”

ஆத்திரம் தீரட்டும் என்று தட்டினார். மீதி பூஜ்யம் என்று வந்தது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி தட்டினார். பூஜ்யம்தான். தன் நம்பரைப் போட்டுப் பார்த்தார், மீதி வந்தது. திரும்ப அவளுடையதைப் போட்டார். பூஜ்யம்.

அவள் விறுவிறுவென்று போய் ப்ளக்கைப் பிடுங்கினாள்.

“இருந்த வரைக்கும் இந்த நம்பர்லேர்ந்து கூப்பிட்டா ஒரு தடவை எடுத்திருப்பாரா? இப்ப மட்டும் எதுக்கு வழி விடுறாராம்?”