தோற்றவனுக்கு இரண்டு வார்த்தை

ஒரு வீடியோ கேமுக்குள்ளே, மூன்றாவது பாலத்துக்குக் காவலாக ஒரு ராட்சத நண்டு இருந்தது. அதை வீழ்த்தாமல் யாரும் அக்கரைக்குப் போக முடியாது. பாறைக்குப் பாறை தாவி, முதுகில் வாளோடு ஒரு சாமுராய்க் கீரி வந்து சேர்ந்தது. நண்டு ஒரே போடில் அதன் கதையை முடித்தது. கேமில் செத்தவர்கள் பாலத்து விளக்கடியில் மறுபடி முழித்துக்கொள்வார்கள். கீரியும் முழித்துக்கொண்டது.

நண்டுக்குச் சண்டையைவிட, ஜெயித்த பிறகு புத்தி சொல்வதில்தான் ருசி அதிகம்.

"தம்பி, நான் வலது கொடுக்கை ஓங்கினா அது சும்மா பாவ்லா. அடி இடதுலதான் விழும். இதுகூடத் தெரியாமலா வர்றே?"

"சரிங்கண்ணே" என்று கீரி மறுபடி வந்தது, மறுபடி செத்தது.

"சுத்தி முடிச்சதும் எனக்குக் கொஞ்சம் தலை கிறுகிறுக்கும். அப்பத்தாண்டா வெட்டணும்!"

"சரிங்கண்ணே."

நாற்பத்தோராவது சண்டையில் நண்டு மல்லாந்து கிடந்தது. கால்களெல்லாம் ஆகாயத்தில் துழாவின. இன்னும் ஒரே ஒரு வெட்டுதான் பாக்கி. நண்டு கண்களை இறுக்க மூடிக்கொண்டது.

வெட்டு விழவில்லை.

ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தது. கீரி வாளை உறையில் போட்டுவிட்டு, தொண்டையைக் கனைத்துக்கொண்டிருந்தது.

"அண்ணே, நீங்க எங்கே கோட்டை விட்டீங்கன்னா..."

நண்டு சத்தமில்லாமல் ஒரு காலை வளைத்துத் தரையில் ஊன்றியது.

"சொல்லு தம்பி, விவரமாச் சொல்லு. எனக்கு ஒண்ணும் அவசரமில்லை."