குறைக்கிற பெட்டி

செருப்பைக் கழற்றாமலே இரண்டு பேரும் உள்ளே வந்தார்கள்.

"சந்தியில கேட்டனாங்க. இந்த வீட்டிலதான் பெரிய ஸ்பீக்கர் பொக்ஸ் கிடக்காம்," என்றான் தாடிக்காரன். இயக்கத்தை விட்டு அரசாங்கத்தோடு சேர்ந்த ஆயுதக் குழுவின் ஆள் அவன்; தோளில் துவக்குத் தொங்கியது.

நோபேட் கதிரையை விட்டு எழும்பவில்லை. எழும்பினால் யாரையாவது அடித்துவிடுவோமோ என்று அவருக்கே பயமாக இருந்தது.

யுத்தம் முடிந்துவிட்டது என்று முதல்நாள் அறிவித்திருந்தார்கள். காலையிலிருந்து தாண்டவன்வெளி முழுக்கப் பட்டாசு வெடிச் சத்தம். கடைக்குக் கடை கொடி கட்டவேண்டும் என்று குழுவின் உத்தரவு. வீட்டுக்கு வீடு கொடி கட்டவேண்டும். பின்னேரம் சந்தியில் கொண்டாட்டம், எல்லாரும் வந்து நிற்கவேண்டும்.

வன்னியில் எத்தனை பேர் செத்தார்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. சிரிக்கத்தான் சொன்னார்கள்.

வெடி கேட்கிற ஒவ்வொரு தடவையும் உள்ளறையில் ஞானமலர் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். நோபேட்டுக்குப் பல்லைக் கடிப்பதைத் தவிர வேறொன்றும் செய்ய முடியவில்லை.

சுனாமிக் கடல் வந்த அன்று நாவலடியில் தென்னை மரத்தைக் கட்டிப்பிடித்துத் தப்பியவள் அவர் மனைவி. அதன் பிறகு அவளுக்குச் சத்தமே ஏலாது. தெருவில் பஸ் ஹோன் அடித்தாலும் காதைப் பொத்துவாள். ஆனால் பாட்டில்லாமலும் நித்திரை வராது.

அதற்காகத்தான் நோபேட் அந்தப் பெட்டியைச் செய்தார்.

லண்டனிலிருந்து மச்சான் அனுப்பிய இரண்டு ஆட்டோஃபோமர்கள் அதற்குள் இருந்தன. இரும்புத் தகட்டில் செப்புக் கம்பி சுற்றிய பாரமான கட்டிகள். பெட்டி சீடி பிளேயருக்கும் அம்ப்ளிபயருக்கும் நடுவில் இருக்கும். கரண்ட் வேண்டாம், லைட் எரியாது. முன்னால், சத்தத்தைக் கூட்டக் குறைக்க, ஒரே ஒரு திருகி. அதில் இலக்கம்கூட எழுதியிருக்கவில்லை.

வேறு சாமான்களில் சத்தத்தைக் குறைத்தால் பாட்டில் பாதி செத்துப்போகும். இதில் எவ்வளவு குறைத்தாலும் வயலின்காரன் மூச்சு விடுவதுகூடக் கேட்கும். ஞானமலர் கேட்டுக்கொண்டே கண்ணயர்வாள்.

"சுடர், நீ பாரு. உனக்குத்தானே இதெல்லாம் விளங்கும்," என்றான் தாடிக்காரன்.

சுடர் என்பவன் முன்னுக்கு வந்தான். மெலிந்த பொடியன். மீசை சரியாக முளைக்கவில்லை. இடுப்பில் பிஸ்டல்.

நோபேட் அவனைப் பார்த்தார். காலையிலிருந்து நெஞ்சுக்குள் கிடந்த ஆத்திரம் முழுக்க அவன் மேல் திரும்பியது. துவக்கு வைத்திருந்தவன் அவர் கண்ணிலேயே படவில்லை.

"உள்ளுக்கு வருத்தக்காரி கிடக்கிறா," என்றார். "அவட சாமானைக் கொண்டுபோய்ச் சந்தியில வைச்சு ஆடப்போறியா? நீயெல்லாம் ஒரு தாயிட பிள்ளையாடா?"

சுடர் முகத்தைத் திருப்பிக்கொண்டு பொக்ஸுகளுக்கு முன்னால் குந்தினான்.

தாடிக்காரன் சிரித்தான். "பெரியவர், இண்டைக்குக் கோவிக்கப்படாது. சந்தோசமான நாள்."

நோபேட் கதிரைக் கையை இறுக்கிப் பிடித்தார். பிரம்பு கிறீச்சிட்டது.

சுடர் அம்ப்ளிபயரைப் போட்டான். சீடி பிளேயரைப் போட்டான். பிறகு பெட்டியின் திருகியில் கை வைத்தான்.

டக். டக். டக்.

இடப்பக்கமாகத் திருப்பினான். இனித் திருப்ப இடமில்லை என்னும் இடத்துக்கு ஒரு படி முன்னால் நிறுத்தினான். அதற்குப் பிறகுதான் பாட்டை விட்டான்.

ஆள் நெஞ்சளவு உயரமான இரண்டு பொக்ஸுகளிலிருந்தும் நுளம்பு பறக்கிற அளவுக்கு வயலின் கேட்டது.

"கூட்டு," என்றான் தாடிக்காரன்.

"இதான் முழுச் சத்தம்."

"என்னடா, இவ்வளவு பெரிய பொக்ஸில இவ்வளவுதானா?"

"இது கூட்டுற பெட்டியில்லண்ணே. குறைக்கிற பெட்டி. வயசு போன ஆக்கள் வீட்டுக்குள்ள இருந்து கேக்கிற சாமான். சந்தியில வைச்சா நாய்கூடத் திரும்பிப் பாக்காது."

தாடிக்காரன் குனிந்து பார்த்தான். பின்பக்கம் கையை விட்டு ப்ளக் வயரைத் தேடினான். அப்படியொன்று இல்லை. செருப்புக் காலால் பெட்டியை ஒரு தட்டுத் தட்டினான்.

"குப்பை," என்றான்.

அந்தத் திருகியை வலப்பக்கம் திருப்பினால் ஜன்னல் கண்ணாடி அதிரும் என்பது அந்த அறையில் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்.

என்றாலும் அவருக்கு ஆத்திரம் அடங்கவில்லை. இவ்வளவும் தெரிந்தவன் இவன்களோடு வந்து நிற்கிறானே. இந்த நாளில், இந்த வீட்டில், இடுப்பில் அதையும் செருகிக்கொண்டு.

தாடிக்காரன் முன்னால் போய், வெளியே நின்ற வான் வண்டியில் ஏறினான். சுடர் வாசலில் கொஞ்சம் பிந்தினான். உள்ளறைக் கதவைப் பார்த்தான். அது ஒரு விரற்கடை திறந்திருந்தது.

"வாறன்," என்றான் மெதுவாக.

"போ," என்றார் நோபேட். "இனி இந்தப் படியை மிதிக்காத."

அவன் தலையைக் குனிந்துகொண்டு போனான். வான் வாவிக்கரை வீதியால் திரும்பி மறைந்தது. சந்திப் பக்கம் இன்னொரு வெடிக்கட்டு நீளமாக வெடித்தது.

ஞானமலர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். முகம் கறுத்திருந்தது. வெளியே கேட்ட வெடி அவள் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. நோபேட்டுக்கு முன்னால் வந்து நின்று, அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"றெஜியை ரியூசனுக்குப் போற வழியில மறிச்சுப் பிடிச்சுக்கொண்டு போய்ச் சுடர் எண்டு பேரை மாத்தினானுகள். அண்டைக்குப் பிறகு இண்டைக்குத்தான் என்ட பிள்ளை வீட்டு வாசலுக்கு வந்தவன். ஒரு வாய் தண்ணி குடுத்தீங்களா?"