ஏழு முறை வெட்டுப்பட்டவன்

மூன்றாவது முறையும் மரவாள் ஹிராசேயின் கழுத்தை ஒட்டி வந்து நின்றது. நிஜ வாளாக இருந்திருந்தால் தலை தரையில் உருண்டிருக்கும்.

வாள் பயிற்சிக் கூடத்தின் சுவரோரம் முழங்கால் மடித்து உட்கார்ந்திருந்த குராமோச்சி முகத்தைச் சுளித்தார். வெட்டியவள் நூடுல்ஸ் கடை நடத்தும் தொகியே. ஐம்பதைத் தாண்டிய, குட்டையான பெண்மணி. அவளிடம் கழுத்தைக் கொடுத்துவிட்டு நிற்கிற இவன்தான் தன் மகள் சிகூசாவைக் கட்டிக்கொள்ளக் கேட்டிருக்கிறான்.

குராமோச்சி குடும்பம் ஜப்பானின் மாட்சுவே நகரில் ஒன்பது தலைமுறையாக சோயா சாஸ் வடிக்கிற குடும்பம். பிரபுவின் சமையலறைக்கு அனுப்பிய சாஸுக்காகக் கிடைத்த வாள் இன்றும் வீட்டு மாடத்தில் இருக்கிறது. அதை உறையிலிருந்து உருவியவர் எவரும் இல்லை. உறையைத் துடைக்காத நாளும் இல்லை.

தபால் நிலையத்தில் ஊர்வாரியாகக் கடிதம் பிரிக்கிறவன் என்றதுமே மறுத்திருப்பார். "அவர் வாள் பழகுறவர்ப்பா. ஒரு தடவை போய்ப் பாருங்க" என்று மகள் சொன்ன ஒரு வார்த்தைக்காகத்தான் இந்த ஞாயிறு காலையில் யாருக்கும் சொல்லாமல் வந்திருந்தார்.

ஜோடி மாறியது. வங்கிக்காரர் ஒருவர் ஹிராசேயின் மணிக்கட்டை வெட்டினார். செவிலி ஒருத்தி மார்பில் குத்தினாள். ஒவ்வொரு முறையும் முதலில் பாய்ந்தவன் அவன், வெட்டுப்பட்டவனும் அவனே.

முடிந்ததும் வென்றவர்கள் இடுப்பு வரை குனிந்து வணங்கினார்கள். அவன் தலையை லேசாகத் தாழ்த்தியதோடு சரி. தோற்றவனுக்குத் திமிர் வேறு என்று நினைத்துக்கொண்டார் குராமோச்சி.

ஏழு எண்ணினார். ஏழும் தோல்வி.

இடைவேளையில் தொகியே வியர்வையைத் துடைத்தபடி வந்து அவர் முன் தேநீர் வைத்தாள்.

"அந்த ஆள் எத்தனை வருஷமா இங்க வர்றான்?" என்று கேட்டார்.

"இருபத்தாறு வருஷம் ஆச்சுங்க."

"இத்தனை வருஷம் வெட்டுப்பட்டும் விலகி நிக்கத் தெரியலையா?"

"விலகக் கூடாதுங்களே." தொகியே உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"மாவு பிசையிற உங்க கைக்கு இருக்கிற சூடு கூட அவனுக்கு இல்ல. கடுதாசி பிரிக்கத்தான் லாயக்கு."

"உங்களைத் தெரியுங்க. உங்க சாஸ்தான் என் கடையில ஊத்துறேன். இந்த வருஷம் உப்பு தூக்கல்."

குராமோச்சி கோப்பையைத் தள்ளி வைத்தார். "அப்ப நான் எதுக்கு வந்தேன்னும் தெரிஞ்சிருக்கும். என் வாசல்ல கால் வைக்க வேண்டாம்னு அவன்கிட்ட சொல்லிடுங்க."

"சிகூசா அழுவாளே."

"அழட்டும். தோத்தவன் வீட்டுல காலம் பூரா அழுறதுக்கு, என் வீட்டுல ரெண்டு நாள் அழுதுட்டுப் போகட்டும்."

"அப்ப எப்படிப்பட்டவருக்குத்தான் கொடுப்பீங்க?"

குராமோச்சி முதுகை இன்னும் நிமிர்த்தினார். கூடத்தில் பேச்சு அடங்கியிருந்தது. எல்லோரும் கேட்கட்டும் என்றே குரலை உயர்த்தினார்.

"உங்களுக்கெல்லாம் இப்படி வெட்டக் கத்துக்கொடுத்தவர்னு ஒருத்தர் இருப்பாரே, அந்த ஆசான் வந்து கேட்டா மறுபேச்சு இல்லாம கொடுப்பேன். மாத்துத் துணி இல்லாதவரா இருந்தாலும் சரி. இது குராமோச்சி வீட்டு வாக்கு. மாத்திப் பேசுற வழக்கம் எங்களுக்கு இல்ல."

செவிலி வாயைப் பொத்திக்கொண்டாள். வங்கிக்காரர் கூரையைப் பார்த்தார். ஹிராசே மட்டும் காது நுனி வரை சிவந்து, தரையைப் பார்த்தபடி நின்றான்.

அவர் தள்ளி வைத்த கோப்பையைத் தொகியே எடுத்து மறுபடியும் அவர் முன் வைத்தாள்.

"எங்க முறையில, எப்பவும் தோக்குற பக்கம் நிக்கிறவர்தாங்க ஆசான்."