இந்தத் தடவையாவது

வெளுத்துப்போன நீலச் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுவிட்டாள் மனைவி. "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. போன தடவை மாதிரி வாயைக் குடுத்து மாட்டிக்காதீங்க."

"வழுக்கையைப் பார்த்ததுமே பாதி மார்க் போயிடும். மீதியை வாய் பார்த்துக்கும்" என்றார் அவர்.

"சிரிச்ச முகமா இருங்கப்பா" என்றாள் மகள். "ரொம்பச் சிரிச்சுடாதீங்க, பயந்துடுவாங்க."

பேட்டரி ஆராய்ச்சியிலேயே தலைமுடியைத் தொலைத்தவர் அவர். ஆய்வுக்கூடத்தில் காலியாகவே கிடந்த ஓர் ஆராய்ச்சி இடத்துக்காக நடந்த முந்தைய நேர்காணல்கள் எல்லாமே கைநழுவிப் போயிருந்தன. இதுவும் போனால் ஆராய்ச்சியையே மூட்டை கட்ட வேண்டியதுதான்.

ஆய்வுக்கூடத்தை ஒட்டிய சின்ன அறையில் காத்திருந்தார். உள்ளே வந்தவள் அவருடைய மகளைவிட நாலைந்து வயது மூத்திருப்பாள், அவ்வளவுதான். அவள் உட்கார்ந்ததும், எழுந்துபோய் மின்விசிறியை அவள் பக்கம் திருப்பிவிட்டு வந்தார்.

அவள் மடிக்கணினியைத் திறந்தாள். "உங்களோட வேலை பார்த்தவங்ககிட்ட விசாரிச்சேன் சார். நல்ல மனுஷன்தான், ஆனா பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டார்னாங்க."

"மரியாதைக்காகக் குறைச்சுச் சொல்லியிருக்காங்க."

அவள் சிரிக்கவில்லை. "இதுவரைக்கும் எந்தெந்தச் சோதனை தோத்திருக்கு?"

"எது ஜெயிச்சதுன்னு கேளுங்க, சீக்கிரம் முடிஞ்சிடும். ஒரு தடவை பேட்டரி தீப்பிடிச்சுது. அணைக்க ஓடினது மத்தவங்க. நான் செருப்பைத் தேடிக்கிட்டிருந்தேன்."

"சொதப்பினா யார் மேல பழி போடுவீங்க?"

அவருக்கு மனைவி சொல்லியனுப்பியது நினைவுக்கு வந்தது. வாய்தான் அடங்கவில்லை.

"முதல்ல கரண்ட் மேல. அப்புறம் மெஷின் மேல. வீட்டுக்குப் போனப்புறம்தான் என் மேல. அன்னிக்குச் சோறு இறங்காது."

"கூட வேலை பார்க்கறவங்க மேல?"

"அவங்களையும் விரட்டிட்டா, அப்புறம் என் பேச்சை யாரு கேக்கறது?"

அவள் மடிக்கணினியை மூடினாள். வழக்கம்போல வாயால் கெட்டோம் என்று நினைத்துக்கொண்டு, வழியனுப்ப எழுந்தார் அவர்.

அவள் எழுந்திருக்கவில்லை. உதட்டோரம் முதல்முறையாகச் சிரிப்பு எட்டிப் பார்த்தது.

"சரி சார், நீங்களே என் கைடு. உங்ககிட்டயே பிஎச்.டி. பண்றேன்."