இரண்டாவது பாட்டில்

“ஏளா ஈவா, என் பழைய சட்டைய எங்க போட்ட? நல்ல சட்டையோட மூடியத் தூக்குனா நாத்தம் புடிச்சிக்கிடும்.”

ஈவாஞ்சலின் கொடியிலிருந்து சட்டையை உருவிக் கொடுத்தாள். “ஆராதனைக்கு நேரமாவுது. சும்மா எட்டிப் பாத்துட்டு வாங்க” என்றாள்.

“பாஸ்டர் என்னைய விட்டுட்டா பிரசங்கத்த ஆரம்பிச்சிருவாரு?” என்று சிரித்துக்கொண்டே பிரைட்டன் பக்கவாட்டுச் சந்துக்குப் போனான். கக்கூசில் தண்ணீர் இறங்கவில்லை. செப்டிக் டேங்க் நிறைந்துவிட்டதா என்று பார்க்கத்தான் போனான்.

கடப்பாரை விழுந்த சத்தம் கேட்டது. அவள் ஓடிப் போனபோது, பாதி விலக்கிய மூடியின் மேல் அவன் குப்புறக் கிடந்தான். மல நாற்றத்தையும் மீறிக்கொண்டு ஆசிட் நெடி அவள் தொண்டையைக் கிழித்தது.

அந்த டேங்க் அவர்களுக்கு மட்டும் உரியதல்ல. ஒரே வீடாக இருந்ததைச் சுவர் வைத்து இரண்டாகப் பிரித்தவர்கள் டேங்கைப் பிரிக்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் மந்திரமூர்த்தியின் சங்குப் பட்டறை. கடலிலிருந்து வரும் சங்குகளை ஆசிட்டில் முக்கி வெளுப்பாக்கி, வெளியூருக்கு அனுப்புகிற இடம்.

துக்கம் கேட்க வந்த மந்திரமூர்த்தியை அவள் வாசலிலேயே நிறுத்திக் கேட்டாள். அவர் அசரவில்லை.

“ஆசிட் தண்ணிய நாங்க பீப்பாயில புடிச்சு லாரியில அனுப்பிருதோம் டீச்சர். உங்க டேங்குக்குள்ள நான் எதுக்கு ஊத்தப் போறேன்?”

“அந்த லாரிய இந்தத் தெருவுல யாரு பாத்தா அண்ணாச்சி?”

“புருசன் போன வேதனையில பேசுதிய. நான் ஒண்ணும் மனசுல வச்சிக்கிட மாட்டேன்” என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டுப் போனார். அவருடைய அந்தப் பெருந்தன்மைதான் அவளுக்கு முதலில் பற்றிக்கொண்டு வந்தது.

மாசு ஆய்வுக்கு சிவப்பிரகாஷ் என்ற அதிகாரி வந்தார். கேட்டைத் தாண்டி உள்ளே வரவில்லை. கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு காலி பாட்டிலை நீட்டினார். “நீங்களே கொஞ்சம் மொண்டு குடுத்துருங்கம்மா.”

புருசனைக் கொன்ற குழிக்குள் அவளே கயிற்றில் டப்பாவைக் கட்டி விட்டு மொண்டாள். விரலில் பட்ட இடமெல்லாம் தோல் உரிந்தது.

அறிக்கை வந்தது. ‘சாதாரண வீட்டுக் கழிவுநீர். அமிலம் இல்லை. இறந்தவர் போதிய எச்சரிக்கையின்றி மூடியைத் திறந்ததே மரணத்துக்குக் காரணம்.’

கடைசி வரியை அவள் திரும்பத் திரும்பப் படித்தாள். செத்தவன் தலையிலேயே பழியைக் கட்டி, அதன் மேல் முத்திரையும் குத்தியிருந்தார்கள். அந்த வரியை அடிக்காமல் விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் சங்கைக் கழுவி ஊற்றுகிற சத்தம் வழக்கம்போல் கேட்டுக்கொண்டிருந்தது.

மனு மேல் மனுவாகப் போட்டாள். ஒருவழியாக மறு ஆய்வுக்கு உத்தரவானது. வந்தவர் அதே சிவப்பிரகாஷ். மூக்கில் அதே கைக்குட்டை.

“இந்தத் தடவையாவது உள்ள வந்து பாருங்க சார்.”

“எதுக்கும்மா? நாத்தம் இங்கனயே கொடலப் புடுங்குது. மொண்டு குடுங்க, லேபுல பாத்துக்கிடுவாங்க.”

“லேபுல நெசமா பாப்பாங்களா சார்?”

“பின்ன, அத வச்சுப் பூசையா பண்ணுவாங்க?”

ஈவாஞ்சலின் அவரை முறைத்துப் பார்த்தாள். பாட்டிலைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று வீட்டுக்குள் போனாள். திரும்பி வந்து அவள் நீட்டியதை சிவப்பிரகாஷ் இரண்டே விரலால் பிடித்தார்.

“என்னம்மா, சூடா இருக்கு?”

“வயிறு எரியுத வீடு சார். எல்லாம் சூடாத்தான் இருக்கும்.”

அவர் பாட்டிலை ஒரு பையில் போட்டுக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

விசாரணை நாளன்று மந்திரமூர்த்தி வெள்ளை வேட்டி சட்டையில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். விசாரணை நடத்திய அம்மையார் இரண்டாவது அறிக்கையை வாய்விட்டுப் படித்தார். “சாதாரண வீட்டுக் கழிவுநீர். மலக்கிருமிகள் அதிக அளவில் உள்ளன. அமிலமோ வேறு ரசாயனமோ இல்லை.”

“நாந்தான் அன்னைக்கே சொன்னம்லா டீச்சர்” என்றார் மந்திரமூர்த்தி.

ஈவாஞ்சலின் அவர் பக்கம் திரும்பவில்லை. “சோதிச்சவங்க சரியாத்தான் சோதிச்சாங்களா மேடம்?” என்றாள்.

சிவப்பிரகாஷ் சட்டென்று எழுந்தார். “மேடம், நாங்க அந்த டேங்க் பக்கமே போகல. நாங்க மாத்திட்டோம்னு நாளைக்கு யாரும் சொல்லிடக் கூடாதுல்ல? ரெண்டு தடவையும் பாட்டில ரொப்பிக் குடுத்தது இவங்கதான். கேட்டுப் பாருங்க.”

“அப்படியாம்மா?”

“ஆமா மேடம். என் கையாலதான் குடுத்தேன்.”

“அப்புறம் என்னம்மா? நீங்க குடுத்ததத்தான் சோதிச்சிருக்காங்க. அறிக்கையில இருக்கது அதோட முடிவு. இன்னும் என்ன சந்தேகம் உங்களுக்கு?”

ஈவாஞ்சலின் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்து நின்றாள்.

“ரெண்டாவது பாட்டில்ல நான் ஊத்திக் குடுத்தது கருப்பட்டிக் காப்பி மேடம்.”