கொட்டாவி

தீவிர சிகிச்சைப் பிரிவில் சாவுச் செய்தியைச் சொல்வது நர்ஸ் ரெஜினாவின் வேலை என்றே ஆகிவிட்டது. "நீங்க சொன்னாத்தான் தாங்கிக்கிறாங்க சிஸ்டர்" என்று டாக்டர்கள் நழுவிவிடுவார்கள். இந்த வாரத்தில் இது ஐந்தாவது. வழக்கம்போல, வெளியே காத்திருந்த பெரியவரை நாற்காலியில் உட்காரவைத்து, குனிந்து இரு கைகளையும் பற்றிக்கொண்டு, அவர் மனைவி போய்விட்டதைச் சொன்னாள். அவர் நெடுநேரம் அழுதார். பிறகு கேட்டார்: "கடைசியா ஏதாச்சும் சொன்னாளாம்மா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தவளுக்குக் கொட்டாவி வந்தது. தாடை விரிந்து, கண்ணில் நீர் முட்டி, அடக்க அடக்க நீண்டது. மறைக்கக் கை இல்லை. இரண்டும் அவர் பிடியில் இருந்தன. வாய் மூடியபோது உடம்பெல்லாம் கூசியது.

பெரியவர் பதறி எழுந்தார். "ராத்திரியெல்லாம் அவகூட நின்னிருப்பீங்க. நீங்க உக்காருங்க தாயி" என்று நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார். மறுக்க முடியாமல் உட்கார்ந்தாள்.

விடியற்காலையில் அந்த அம்மாள் என்னவோ சொல்லத்தான் செய்தாள். ரெஜினா அதைக் காதில் வாங்காமலே, "சரிம்மா, சரிம்மா" என்று தலையாட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிருந்தாள்.

"இப்ப சொல்லுங்க" என்றார் அவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு.