நாலு வெள்ளை, ஒரு சிவப்பு

பாசிமணி டப்பாவைத் திறந்தாள்.

நைலான் நூல், ஊசி, வெள்ளை மணி, சிவப்பு மணி. எல்லாம் விட்ட இடத்திலேயே இருந்தன. பாதி கோத்த வாசல் தோரணம் மட்டும் மூலையில் சுருண்டு கிடந்தது.

உதறி மடியில் விரித்தாள்.

சந்தோஷமாக இல்லை. துக்கமாகவும் இல்லை. பல் பிடுங்கிய பிறகு கன்னம் இருக்குமே, அப்படி இருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து மகளைக் கூட்டிவந்த மறுநாளே வீட்டு வேலையில் இறங்கிவிட்டாள். ஒட்டடை அடித்தாள். வண்டு விழுந்த ரவையைக் கொட்டினாள். மாவு அரைத்து வைத்தாள். மாவு பொங்கவில்லை. அதையே ஊற்றி எடுத்தாள். தட்டையான இட்லியை மூவரும் சாப்பிட்டார்கள்.

இன்று செய்ய ஒன்றும் மிச்சமில்லை. கைக்கு ஏதாவது வேண்டியிருந்தது.

நாலு வெள்ளை, ஒரு சிவப்பு. நாலு வெள்ளை, ஒரு சிவப்பு.

விரல்கள் மறக்கவில்லை. அதுவே கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

முன்பு கோத்ததில் கடைசிச் சரத்தைத் தொட்டதும் கை நின்றது.

அன்று காலை கோத்த சரம்.

அன்று சுபிக்ஷா காலேஜுக்குக் கிளம்பி, வாசலில் நின்று "போறேன்மா" என்றாள்.

எப்போதும் அப்படித்தான் சொல்வாள். எல்.கே.ஜி. போன நாளிலிருந்து அப்படித்தான். எத்தனை சொல்லியும் திருந்தாத வாய். இவளும் விடமாட்டாள். அடுப்படியிலிருந்தோ மாடியிலிருந்தோ குரல் கொடுப்பாள்.

"போறேன்னு சொல்லாத. போயிட்டு வரேன்னு சொல்லு."

கேட்டுக்கு வெளியிலிருந்து, வேண்டுமென்றே மூன்று முறை பதில் வரும். வரேன், வரேன், வரேன்.

அன்று இவள் குரல் கொடுக்கவில்லை. எண்ணிக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் ஆற்றுப் பாலத்திலிருந்து யாரோ போன் செய்தார்கள். அங்கே பூ விற்கும் ஒரு அம்மாள் சுபிக்ஷாவின் துப்பட்டாவைப் பிடித்து இழுத்து, பக்கத்தில் உட்கார வைத்திருந்தாளாம். இவர்கள் போய்ச் சேரும்வரை பிடியை விடவில்லை.

பிறகு ஆஸ்பத்திரி. மாத்திரைகள். அவளோடு பேசுங்கள் என்றார் டாக்டர். என்ன பேசுவது என்று சொல்லவில்லை.

அதற்குப் பிறகு இந்த வீட்டில் யாரும் போறேன் என்று சொல்வதில்லை. வரேன் என்றும் சொல்வதில்லை. கணவர் வேலைக்குக் கிளம்பும்போது வண்டிச் சாவியை ஒருமுறை ஆட்டிக் காட்டுகிறார். அவ்வளவுதான்.

சரத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, முதலிலிருந்து எண்ணினாள்.

ஒரு மணிகூடத் தப்பவில்லை.

எங்காவது தப்பியிருந்தால் தேவலை என்று இருந்தது.

அடுத்த சரத்தைத் தொடர்ந்தாள். பாதியில் சிவப்பு தீர்ந்துபோனது. டப்பாவைக் கவிழ்த்துத் தட்டினாள். வெள்ளைதான் விழுந்தது.

"தீந்துருச்சா?"

சுபிக்ஷா அறை வாசலில் நின்றாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை.

"ம்."

"பஸ் ஸ்டாப் ஃபேன்சி ஸ்டோர்ல இருக்கும்."

"அப்பா வரும்போது வாங்கிட்டு வருவாரு."

"அப்பாவுக்கு சைஸ் தெரியாது. மாதிரிக்கு ஒண்ணு குடு."

பக்கத்துக் கடைக்குத் தனியாக அனுப்பலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இவள்தான் இன்னும் அனுப்பவில்லை. முடியாது என்று சொல்ல வாயெடுத்தாள். மகள் கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

கடைசியாகக் கோத்த சிவப்பு மணியை நூலிலிருந்து உருவி, அந்த உள்ளங்கையில் வைத்தாள்.

"தொலைச்சுராத."

சுபிக்ஷா கையை மூடிக்கொண்டாள்.

நடையில் செருப்பு மாட்டும் சத்தம்.

"போறேன்மா."

நூல் நுனி இவள் உதட்டில் இருந்தது. எடுத்தாள்.

"போறேன்னு சொல்லாத."

நூலை மடியில் விட்டாள். நடைப் பக்கம் திரும்பிச் சொன்னாள்.

"போயிட்டு வரேன்னு சொல்லு."

செருப்புச் சத்தம் நின்றது.

பிறகு சுபிக்ஷா பேசினாள். குழம்பில் உப்பில்லை என்று சொல்வதைப்போலத்தான் சொன்னாள்.

"அன்னிக்கு நீ சொல்லல. வெளிய கொஞ்ச நேரம் நின்னு பாத்தேன்."

மடியிலிருந்து சில மணிகள் தரையில் உருண்டன. இவள் பொறுக்கவில்லை.

"எண்ணிக்கிட்டு இருந்தேன்டி."

"தெரியும்."

கேட் திறந்தது. மூடியது.

தெருவிலிருந்து ஒரு குரல்.

"வரேன்."

இவள் காத்திருந்தாள். இன்னும் இரண்டு பாக்கி இருந்தது.

ஒரு ஆட்டோ போனது. எதிர்வீட்டுக் குக்கர் விசில் அடித்தது.

ஊசியை எடுத்தாள். சிவப்பு வரும்வரை நிறுத்தித்தான் வைக்க வேண்டும். ஆனாலும் நாலு வெள்ளைக்குப் பிறகு இன்னொரு வெள்ளையைக் கோத்தாள். அதற்குப் பிறகு இன்னொன்று. காது வாசல் கேட்டின் மேலேயே இருக்க, வெள்ளையாகவே நீண்டுகொண்டு போனது சரம்.

எண்ணவில்லை.